ஆடிட் பதில்

ஆடிட் வருகிற அன்று கம்பெனிக்கே கல்யாணக் களை வந்துவிடும். கக்கூஸில் பினாயில் மணக்கும். காலியாகக் கிடந்த முதலுதவிப் பெட்டிக்குள் பஞ்சும் பிளாஸ்திரியும் வந்து உட்காரும். அதுவரை எங்கேதான் ஒளித்துவைத்திருப்பார்களோ, ஆளுக்கொரு புது மாஸ்க் வெளியே வரும். துணி வாங்கும் வெளிநாட்டுக் கம்பெனி அனுப்பிய ஆபீசர் லைன் லைனாக நடந்து பார்த்துவிட்டு, யாராவது ஒரு பெண்ணைத் தனியாக உட்காரவைத்து, "இங்கே உங்களுக்கு ஏதாவது கஷ்டம் உண்டாம்மா?" என்று தேனொழுகக் கேட்பார். அதற்கு என்ன சொல்ல வேண்டும் என்பது ஒரு வாரத்துக்கு முன்பே எல்லாருக்கும் பாடமாகியிருக்கும். ஒண்ணுமில்லீங்க சார், நல்லாருக்கோம்.

இந்தப் பதிலைச் சொல்வதில் ராமுத்தாயை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. மற்றவர்கள் பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி ஒப்பிப்பார்கள். ராமுத்தாய் அப்படியில்லை. கேள்வியைக் கேட்டதும் கொஞ்சம் யோசிப்பாள். முந்தானையைச் சரிசெய்வாள். பிறகு, "குறைன்னு பாத்தா, டீயில சீனி கொஞ்சம் கம்மிங்க சார்" என்பாள். ஆபீசர் சிரித்துவிடுவார். சீனிதான் குறை என்று சொல்கிற இடத்தில் வேறு என்ன பெரிய குறை இருந்துவிடப் போகிறது என்று அவருக்கும் தோன்றிவிடும். அதனால் ஆடிட் என்றாலே எச்.ஆர். பையன் அவளை முன்வரிசை மெஷினுக்கு மாற்றிவிடுவான்.

பக்கத்துக் கம்பெனி ஒன்றில் ஒரு பெண், இவ்வளவு அன்பாகக் கேட்கிறாரே என்று, கக்கூஸ் கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லை என்று உள்ளதைச் சொல்லிவிட்டாள். ஆர்டர் கைமாறிப் போயிற்று. பாதி லைன் வீட்டுக்குப் போயிற்று. முதலில் போனது அந்தப் பெண்தான். அதிலிருந்து ராமுத்தாய்க்கு ஒரு விஷயம் மனதில் ஆணி அடித்த மாதிரி நின்றுவிட்டது. கையில் பேப்பரோடு வந்து நலம் விசாரிக்கிறவர்களிடம் குறையைச் சொன்னால் யாராவது ஒருவர் பெயிலாவது நிச்சயம்.

ராமுத்தாய் உசிலம்பட்டிப் பக்கத்துக்காரி. கல்யாணமான கையோடு புருஷன் காசிமாயனுடன் திருப்பூருக்குப் பஸ் ஏறியவள். அவன் அயர்ன் மாஸ்டர். இவள் டெய்லருக்குப் பக்கத்தில் நின்று துணி மடித்துக் கொடுக்கிற கைமடியாகச் சேர்ந்து, பார்த்துப் பார்த்தே தையல் பழகி, ஓவர்லாக் டெய்லர் ஆனாள். ஒரே மகள் ஜோதிகா. மகள் பிளஸ் டூ எழுதிய வருடம், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்த காசிமாயன் எழுந்திருக்கவில்லை. அப்புறம் வீட்டில் இரண்டே பேர். மகள் படிக்கக் கோயம்புத்தூர் ஹாஸ்டலுக்குப் போன பிறகு ஒரே ஆள்.

அந்த மகள்தான் ஆடி பிறந்ததும் வீட்டுக்கு வந்து, கட்டிலில் சம்மணம் போட்டுக்கொண்டு, முதுகலைப் படிப்புக்காக ஓர் ஆய்வு செய்ய வேண்டும் என்றாள்.

"என்ன ஆய்வுடி?"

"பனியன் கம்பெனிப் பொம்பளைங்களோட உடல்நலமும் மனநலமும்."

"மனநலம்னா? பைத்தியத்தப் பத்தியா?"

"அய்யோ, இல்லம்மா. தூக்கம் வருதா, கவலை இருக்கா, மனசு விட்டுப் பேச ஆள் இருக்கா, இந்த மாதிரி. உங்க கம்பெனியிலயே கேட்டா நல்லாருக்கும். எல்லாம் தெரிஞ்சவங்க."

"கேட்டு?"

"எழுதிக் குடுக்கணும். கைடு மேடம் பாத்துட்டுக் கையெழுத்துப் போட்டாத்தான் டிகிரி."

ராமுத்தாய்க்குச் சட்டென்று புரிந்துவிட்டது. கேள்வி, பேப்பர், மேடம், கையெழுத்து. இதில் புரியாமல் போக என்ன இருக்கிறது? ஆடிட்டில் பழம் தின்று கொட்டை போட்டவள் அவள்.

முதலாளி திருமூர்த்தியிடம் அவளே போய் அனுமதி கேட்டாள். அவர் கண்ணாடி அறைக்குள் இருந்து எழுந்தே வந்துவிட்டார்.

"நம்ம ஜோதிகாப் புள்ளைங்களா? வேஸ்ட் மூட்டை மேல தூங்கிக் கெடந்த அம்மிணி, ஆராய்ச்சி பண்ற அளவுக்கு வந்துருச்சா! வரச்சொல்லுங்க ராமுத்தாயி. மத்தியானம் சாப்பாட்டு நேரத்துல கேண்டீன்ல உக்காந்து கேக்கட்டும். கம்பெனி பேரு மட்டும் வராமப் பாத்துக்கச் சொல்லுங்க."

"வராதுங்கண்ணே. அவ கெட்டிக்காரி" என்றாள் ராமுத்தாய். முதலாளி, ஆபீசர் என்று பெரிய ஆட்களிடம் பேசும்போது மட்டும் அவள் பேச்சில் 'ங்க' தானாக வந்து ஒட்டிக்கொள்ளும்.

வேஸ்ட் மூட்டை என்று அவர் சொன்னதும் அவளுக்கு அன்று முழுக்க வேலை ஓடவில்லை. இன்றைக்குப் பல்லடம் ரோட்டில் மாடி மாடியாகக் கண்ணாடி பதித்து நிற்கிற கம்பெனி, அன்றைக்கு ராயபுரத்தில் முதலாளி வீட்டுக்குப் பின்னால் ஒரு தகரக் கொட்டகை. விரல் விட்டு எண்ணக்கூடிய மெஷின்கள். ஒரு ரேடியோ. எந்தப் பாட்டு வைப்பது என்று தினமும் சண்டை. வெட்டி மிஞ்சிய துணியைக் கட்டிவைத்த வேஸ்ட் மூட்டைதான் ஜோதிகாவுக்குத் தொட்டில், மெத்தை, விளையாட்டுத் திடல் எல்லாம். சாயங்காலம் டீக்காரர் சைக்கிளில் பஜ்ஜி கொண்டுவருவார். முதலாளியும் மூட்டைமேல் உட்கார்ந்து அதே பஜ்ஜியைத்தான் தின்பார்.

மெஷின் சத்தத்துக்கு மேலே கத்தித்தான் பேச வேண்டும் என்பதால் அங்கே யாருக்கும் ரகசியம் கிடையாது. யாருக்கு இடுப்பு வலி, யாருக்கு நாள் தள்ளிப்போயிருக்கிறது, யாருடைய மாமியார் என்ன சொன்னாள் என்பதெல்லாம் கொட்டகைக்கே தெரியும். ஒருத்தி தலையைப் பிடித்துக்கொண்டால் பக்கத்து மெஷின்காரி எழுந்து வந்து தைலம் தேய்ப்பாள். பிளாஸ்திரி கிடையாது. கதவு வைத்த கக்கூஸ்கூடக் கிடையாது. சித்திரை வெயிலில் தகரம் காய்ந்தால் மண்டை வெடித்துவிடும். அதெல்லாம் இல்லையென்று சொல்வதற்கில்லை. ஆனாலும் அந்தக் கொட்டகையை நினைத்தால் ராமுத்தாய்க்கு நெஞ்சு நிறைந்துவிடும். அங்கே யாரும் யாரிடமும் ஒண்ணுமில்லை என்று சொன்னதில்லை.

ஜோதிகா வருவதற்கு முந்தின நாள் டீ நேரத்தில் ராமுத்தாய் பெண்களைக் கூட்டினாள். வெளியே ஆடிக் காற்று பாலக்காட்டுப் பக்கமிருந்து ஓயாமல் வீசி, கேண்டீன் கூரையைத் தடதடக்க வைத்துக்கொண்டிருந்தது. எல்லார் தலையிலும் பஞ்சுத் தூசி. கூட்டத்தில் முன்னால் நின்றவர்கள் இரண்டு பேர். ஒருத்தி பெரியாத்தாள், சாமளாபுரத்தில் தறி ஓட்டிக்கொண்டிருந்துவிட்டு இங்கே வந்து தைத்த துணியைச் செக்கிங் பார்க்கிறவள். இன்னொருத்தி சாத்தான்குளத்து ரோஸ்மேரி, டெய்லர். இரண்டு பேருமே கொட்டகைக் காலத்து ஆட்கள்.

"நாளைக்கு எம்மக வந்து கேப்பா. உடம்புக்கு என்ன, மனசுக்கு என்னன்னு. எல்லாரும் நல்லாருக்கோம்னு சொல்லிப்புடுங்க. ஆடிட்டு மாதிரித்தேன்" என்றாள் ராமுத்தாய்.

"எக்கா, எனக்குத் தோள்பட்ட அந்து விழுதே. அதச் சொல்லக் கூடாதா?" என்றாள் ரோஸ்மேரி.

"கூடாது."

"ராத்திரி ஒறக்கமே வரமாட்டேங்கே. அது?"

"அதையும் சொல்லாதடி. நீ குறை சொன்னா எம்மகளுக்கு மார்க்குக் குறையும்."

"அதென்ன புள்ள, படிக்கற புள்ளைக்குமா ஆடிட்டு?" என்று பெரியாத்தாள் டீ டம்ளரை வைத்தாள். "செரி, செரி. நம்ம புள்ளை பாசாகோணும், அவ்வளவுதான? நான் கல்லாட்ட இருக்கறேன்னு சொல்லிப்போடறன்."

"மூட்டுவலி கீட்டுவலின்னு வாய் தவறிப்புடாதக்கா."

"எனக்கேது மூட்டு?" என்றாள் பெரியாத்தாள். எல்லாரும் சிரித்தார்கள். சிரித்துவிட்டு, எழும்போது பெரியாத்தாள் மேஜையைப் பிடித்துக்கொண்டுதான் எழுந்தாள்.

மறுநாள் ஜோதிகா கழுத்தில் காலேஜ் அட்டையும் கையில் டேப்லெட்டுமாக கேண்டீன் மூலையில் உட்கார்ந்தாள். பெண்கள் ஒவ்வொருத்தியாக எதிரே போய் உட்கார்ந்தார்கள். ராமுத்தாய் கை கழுவுகிற சாக்கில் குழாயடியிலேயே நின்றுகொண்டாள். தண்ணீர் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது.

"கழுத்து வலி, தோள்பட்டை வலி ஏதாச்சும் உண்டா பெரியம்மா?"

"எனக்கென்ன கண்ணு. கல்லாட்ட இருக்கறன்."

"நைட்டு தூக்கம் எப்படி?"

"படுத்தா தீந்துது. இடியே உளுந்தாலும் தெரியாது."

"இந்த ரெண்டு வாரத்துல மனசு சோர்வா, எதுலயும் பிடிப்பே இல்லாத மாதிரி இருந்துச்சா?"

"அதெல்லாம் வெச்சுக்க எனக்கு நேரமேது சாமி?"

ஜோதிகா நிமிர்ந்து பெரியாத்தாளைப் பார்த்தாள். ஆனால் டேப்லெட்டில் அந்தப் பதிலுக்குக் கட்டம் இல்லை. 'இல்லை' என்பதைத் தொட்டுவிட்டு அடுத்த கேள்விக்குப் போனாள். இப்படியே அந்த வாரம் முழுக்க நடந்தது. ரோஸ்மேரி வந்தாள், தன் தோள் இரும்பு என்றாள். அந்தத் தோளுக்குச் சின்னப் பிள்ளையில் தைலம் தேய்த்ததே ஜோதிகாதான். இருந்தாலும் இரும்பு என்றே எழுதிக்கொண்டாள்.

கடைசி நாள் ராமுத்தாய் சேலையை உதறிக் கட்டிக்கொண்டு தானும் போய் எதிரே உட்கார்ந்தாள்.

"ம், என்னையும் கேளு."

"நீ கணக்குல வரமாட்டம்மா. சொந்தக்காரங்களச் சேக்கக் கூடாது."

ராமுத்தாய்க்கு ஒரு பக்கம் அப்பாடா என்றிருந்தது. ஒரு பக்கம் சுருக்கென்றது. ஊரையெல்லாம் உட்காரவைத்துக் கேட்கிற மகள் தன்னைக் கேட்கவில்லையே என்று இருந்தது. கேட்டிருந்தால் மட்டும் என்ன சொல்லியிருப்பாள்? கையைப் பற்றிச் சொல்லியிருக்கமாட்டாள்.

வலது கை விரல்கள் அவளுக்குக் கொஞ்ச நாளாகவே மரத்துப்போய்க்கொண்டிருந்தன. முதலில் எறும்பு ஊர்கிற மாதிரி இருந்தது. பிறகு அதுவும் இல்லை. பங்குனியில் ஒரு நாள் வெள்ளை பனியன் ஓடிக்கொண்டிருந்தபோது துணியில் சிவப்பாக என்னவோ தெரிந்தது. சாயம் தெறித்துவிட்டதோ என்று பதறிப் பார்த்தால் ரத்தம். நடுவிரலில் ஊசி ஏறி இறங்கியிருந்தது. ஏறியது அவளுக்குத் தெரியவே இல்லை. பீஸைப் பாத்ரூமுக்குக் கொண்டுபோய் சோப்புப் போட்டுக் கசக்கிக் காயவைத்துவிட்டு, வாயில் முந்தானையை அடைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் அழுதாள். அழுதுவிட்டு வந்து மெஷினில் உட்கார்ந்தாள். கை போயிற்று என்று சூப்பர்வைசருக்குத் தெரிந்தால் திரும்பவும் கைமடிதான். ஆரம்பித்த இடத்திலேயே போய் நிற்க வேண்டும். மகளுக்குத் தெரிந்தாலோ, மறுநாளே படிப்பை மூட்டைகட்டிவிட்டு ஏதாவது வேலையில் போய் உட்கார்ந்துவிடுவாள். அப்பன் செத்தபோதே அப்படிக் கிளம்பியவளைக் காலில் விழாத குறையாகத் தடுத்து நிறுத்தியவள் ராமுத்தாய்.

ஆடி கடைசியில் ஒரு புதன்கிழமை, ராமுத்தாய் வேலை விட்டு வரும்போது வீட்டுக்கதவு திறந்திருந்தது. சொல்லாமல் கொள்ளாமல் ஜோதிகா வந்திருந்தாள். சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள்.

"என்னடி ஆத்தா, காலேஜு?"

"லீவு."

குரலிலேயே பொய் தெரிந்தது. ராமுத்தாய் அடுப்பைப் பற்றவைத்தாள். சின்ன வெங்காயமும் பூண்டும் வதக்கி, அரிசியும் துவரம்பருப்பும் போட்டு அரிசிம்பருப்புச் சாதம் செய்தாள். பெரியாத்தாள் சொல்லிக்கொடுத்த பக்குவம். மகளுக்குக் கைக்குழந்தையிலிருந்து அதுதான் உயிர். மேலே நெய்யை ஊற்றித் தட்டைக் கட்டிலில் வைத்தாள். ஜோதிகா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நெய் வாசனைக்கு எழாத பிள்ளையைப் பார்த்ததும் ராமுத்தாய் கரண்டியோடு கட்டிலை ஒட்டி வந்து நின்றாள்.

"அடி, எதுவாச்சும் சொல்லுடி. ஆத்தாளுக்குப் படபடன்னு வருது."

"மேடம் கையெழுத்துப் போட மாட்டேன்னுட்டாங்க" என்றாள் ஜோதிகா சுவரைப் பார்த்தபடி. "எல்லாரு முன்னாடியும் வெச்சு, 'ஹாஸ்டல்ல உக்காந்து நீயே பூர்த்தி பண்ணுனியா'ன்னு கேட்டாங்கம்மா. 'காலைலேர்ந்து ராத்திரி வரைக்கும் மெஷின்ல குனிஞ்சிருக்கறவங்க ஒருத்தருக்குக்கூடக் கழுத்து வலிக்கலயா, ஒருத்தருக்குக்கூடக் கவலை இல்லையா, இது திருப்பூரா தேவலோகமா'ன்னாங்க. எல்லாரும் சிரிச்சாங்க."

ராமுத்தாய் கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்தாள்.

"திரும்ப எடுத்துட்டு வா, இல்லேன்னா இந்தத் தலைப்ப விட்டுருன்னு சொல்லிட்டாங்க. திரும்பக் கேட்டா மட்டும் சொல்லிருவாங்களா? தப்பு என்மேலதான்மா. எனக்குக் கேக்கத் தெரியல. என்னைத் தூக்கி வளத்தவங்களே எங்கிட்ட மறைக்கறாங்கன்னா நான் என்னத்தப் படிச்சேன்? போதும். எனக்கு இந்தப் படிப்பு வேண்டாம். நானும் எங்கயாச்சும் வேலைக்குப் போறேன்."

"உம்மேல தப்பில்லடி" என்றாள் ராமுத்தாய். "நாந்தேன் சொல்லச் சொன்னேன்."

"என்னது?"

"நல்லாருக்கோம்னு சொல்லச் சொன்னேன். எல்லாரையும். ஆடிட்டு மாதிரி."

ஜோதிகா எழுந்து உட்கார்ந்தாள். அம்மாவையே பார்த்தாள். "ஏம்மா?"

"நீ பாசாகணும்னுத்தேன்."

ஜோதிகாவுக்கு முதலில் சிரிப்பு வந்தது. சிரிப்பு பாதியில் அழுகையாகிப் போயிற்று. அழுகையிலேயே இரண்டு வாய் சாதம் அள்ளிப் போட்டுக்கொண்டாள். ராமுத்தாய் குற்றவாளி மாதிரி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கொஞ்சம் கழித்து ஜோதிகா, சாப்பிடுவதை நிறுத்திவிட்டுக் கேட்டாள்.

"ஹாஸ்டல்லேர்ந்து தினமும் போன் பண்ணி எப்படிம்மா இருக்கேன்னு கேக்கறேனே. நீ என்ன சொல்லுவ?"

"என்னத்தச் சொல்லுவேன். உள்ளதச் சொல்லுவேன்."

"நல்லாருக்கேன், குழம்புலதேன் உப்புக் கம்மின்னு சொல்லுவ. தினமும் அதேதான். ஒரு நாள் உப்பு, ஒரு நாள் புளி." ஜோதிகாவின் குரல் தணிந்தது. "எங்கிட்டயும் ஆடிட் பதில்தானாம்மா?"

"சீ, கழுத. உங்கிட்ட என்னத்துக்கு மறைக்கப்போறேன்?" என்றாள் ராமுத்தாய். வலது கையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள்.

மறுநாள் டீ நேரத்தில் அவள் மறுபடியும் பெண்களிடம் போனாள். இப்போது உள்ளதைச் சொல்ல வேண்டும் என்றாள். ரோஸ்மேரிக்குக் கோபம் வந்துவிட்டது.

"நீங்கதானக்கா வாயக் கெட்டுனிய? இப்பம் தொறக்கச் சொல்லுதிய. தலைக்கு மேல கேமராவத் தொங்கவுட்ருக்கான். எந்தோளு போச்சின்னு சூப்பர்வைசர் காதுல விழுந்தா மெஷின விட்டுத் தூக்கிருவான். அப்புறம் நான் என்னத்த வச்சுப் பொழைக்க?"

"அவ சொல்றதும் நெசந்தான் புள்ள" என்றாள் பெரியாத்தாள். "கம்பெனிக்குள்ள ஆரும் வாயத் தொறக்கமாட்டாங்க. ஒண்ணு பண்ணலாம். பளைய கொட்டாயி இன்னும் இருக்குதல்ல? மொதலாளி வேஸ்ட் மூட்டை போட்டு வெச்சிருக்காரு. சனிக்கெளமையானா நாந்தான் கூட்டறன். சாவி என்ற கிட்டத்தான் இருக்குது. ஞாயித்துக்கெளம அங்க வரச்சொல்லு புள்ளைய."

கொட்டகை என்ற சொல் ரோஸ்மேரியின் முகத்தைக் கொஞ்சம் இளக்கிவிட்டது. "நான் வாரேன். ஆனா எக்கா, மொதல்ல நீங்க சொல்லணும். நீங்க சொல்லுததப் பாத்துட்டுத்தான் நான் வாயத் தொறப்பேன்."

"என்னைய அவ கேக்கமாட்டாடி. நான் கணக்குல வரமாட்டேனாம்."

"அவ கணக்கு எனக்குத் தெரியாது. எங்கணக்கு இது."

ராமுத்தாய் மூன்று நாள் சரியாகச் சாப்பிடவில்லை. சொன்னால் மகள் படிப்பை விடுவாள். சொல்லாவிட்டால் படிப்பு மகளை விட்டுவிடும். எந்தப் பக்கம் திரும்பினாலும் முட்டியது.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பெரியாத்தாள் கொட்டகையைத் திறந்தாள். உள்ளே காலடி வைத்ததுமே வெட்டுத் துணியின் வாசனை முகத்தில் வந்து மோதியது. மெஷின்கள் இருந்த இடத்தில் கூரை வரைக்கும் மூட்டைகள். ரேடியோ இருந்த பலகை மட்டும் சுவரில் அப்படியே இருந்தது. ரோஸ்மேரி அதைத் தடவிப் பார்த்தாள். "இந்தா, இதுலதான காசிமாயண்ணன் டீ கிளாஸ வச்சிட்டு மறந்துபோவாவ" என்றாள். ராமுத்தாய் அந்தப் பலகையைப் பார்த்துவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள்.

பெண்கள் மூட்டைகளை இழுத்துப் போட்டு வட்டமாக உட்கார்ந்தார்கள். யாரோ பஜ்ஜி வாங்கி வந்திருந்தார்கள். காற்றுக்குத் தகரம் படபடத்தது. கொட்டகைக் காலத்து ஆட்கள் அவரவர் பழைய இடத்தைக் கண்டுபிடித்து உட்கார்ந்ததில் ஒரே சிரிப்பு. ஜோதிகா தான் தூங்கிய மூலையைக் கேட்டு அங்கேயே போய் உட்கார்ந்தாள். கொஞ்ச நேரத்துக்கு அது ஆய்வு என்கிற நினைப்பே யாருக்கும் இல்லை. பிறகு ஜோதிகா டேப்லெட்டை எடுத்தாள். சிரிப்பு அடங்கிவிட்டது. எல்லாரும் ராமுத்தாயைப் பார்த்தார்கள்.

ராமுத்தாய் எழுந்து வந்து மகளுக்கு எதிரே மூட்டையில் உட்கார்ந்தாள்.

"அம்மா, நீதான் கணக்குல…"

"கணக்குல வேண்டாம். கேளு. ஆனா ஒரு சத்தியம் பண்ணு. நான் சொல்றதக் கேட்டுப்புட்டு படிப்ப விடுறேன்னு கெளம்பக் கூடாது. கெளம்புனேன்னு வையி, இனிமே நீ கேக்குற எதுக்கும் நான் உண்மை சொல்ல மாட்டேன்."

ஜோதிகா அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். டேப்லெட்டை அணைத்து மூட்டைமேல் கவிழ்த்து வைத்தாள். "விடமாட்டேன். சத்தியம்" என்றாள்.

"கேளு."

"தூக்கம் வருதாம்மா?"

"நல்லாத் தூங்கு…" என்று ஆரம்பித்துவிட்டு ராமுத்தாய் நிறுத்திக்கொண்டாள். எத்தனை வருடப் பழக்கம், தானாக வந்து நாக்கில் நிற்கிறது. ரோஸ்மேரி களுக்கென்று சிரித்தாள். ராமுத்தாயும் லேசாகச் சிரித்துவிட்டு மறுபடி ஆரம்பித்தாள்.

"இல்லடி. வாரதில்ல. உங்கப்பன் போனதுலருந்தே அப்படித்தேன். நீ இருந்தவரைக்கும் உன் மூச்சுச் சத்தத்தக் கேட்டுட்டுப் படுத்திருப்பேன். நீயும் ஹாஸ்டலுக்குப் போன பிறகு வீட்டுக்குள்ள நொழையவே பயமா இருக்கும். எதுக்குடி இவ இப்படி ஓவர்டைம் பாக்குறான்னு கம்பெனியில கேப்பாக. காசுக்குன்னு சொல்லுவேன். காசுக்கு இல்ல. அங்க ஒரு சத்தம் இருக்கும், அதுக்குத்தேன்."

"மனசு விட்டுப் பேச ஆள் இருக்கா?" என்றாள் ஜோதிகா.

"இந்தக் கொட்டாயில இருந்தாக. அப்புறம் லைனு வந்துச்சு, கேமரா வந்துச்சு. பக்கத்து மெஷின்லதேன் உக்காந்திருக்கோம். ஒருத்தி மூஞ்சிய ஒருத்தி நிமிந்து பாக்குறதில்ல."

பெரியாத்தாள் மூக்கைச் சிந்தினாள்.

"உடம்புல வலி?"

"வலி இருந்தாத் தேவலையே" என்ற ராமுத்தாய் முந்தானைக்குள் இருந்து வலது கையை எடுத்து மகளின் மடியில் வைத்தாள். ஊசி ஏறிய கதையைச் சொன்னாள். எங்கே கசக்கினாள், எங்கே அழுதாள் என்பதையும் விடாமல் சொன்னாள்.

ஜோதிகா அழவில்லை. எங்கிருந்துதான் அந்த நிதானம் வந்ததோ அவளுக்கு. "கண்ண மூடும்மா" என்றாள். மூடியதும், சுண்டுவிரல் நுனியை மெல்லக் கிள்ளினாள். "தெரியுதா?"

"தெரியுது."

மோதிர விரல். "இது?"

"லேசாத் தெரியுது."

அதற்கப்புறம் கொஞ்ச நேரம் ஒன்றும் நடக்கவில்லை. மகள் எதற்காகக் காத்திருக்கிறாள் என்று ராமுத்தாய்க்குப் புரியவில்லை. கிள்ளிக்கொண்டுதான் இருக்கிறாளோ என்று சட்டென்று உறைத்தது. தெரியுது என்று சொல்லிவிடலாம். ஒரே ஒரு வார்த்தை. அது நாக்கு நுனிவரை வந்துவிட்டது. ராமுத்தாய் அதை விழுங்கினாள்.

"தெரியலடி ஆத்தா."

"நாளைக்கே டாக்டர்கிட்டப் போறோம்" என்றாள் ஜோதிகா. இப்போது அவள் அழுதுகொண்டிருந்தாள்.

பெரியாத்தாள் மூட்டையைப் பிடித்துக்கொண்டு, முனகியபடியே எழுந்து வந்தாள். முனகலை மறைக்கவில்லை. "நவுரு புள்ள. அடுத்தது நானு. மூட்டுல இருந்து ஆரம்பிக்கட்டுமா கண்ணு?" என்றாள். "அதுக்கடுத்து நான்" என்று பின்னாலிருந்து ரோஸ்மேரி சத்தம் கொடுத்தாள். ஜோதிகா ஒரு கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, டேப்லெட்டைத் திறந்து, பெரியாத்தாளிடம் முதல் கேள்வியைக் கேட்டாள்.

ராமுத்தாய் எழுந்து இடம்விடப் பார்த்தாள். முடியவில்லை. குனிந்து பார்த்தாள். மகளின் இன்னொரு கை அவள் நடுவிரலை இறுக்கிப் பிடித்திருந்தது. எப்போதிருந்து பிடித்திருந்தாளோ, பார்த்த பிறகுதான் தெரிந்தது.